தொட்டி இறங்கும் அளவு

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். காலை நீட்டிக்கொள்ளத் தோன்றினால் நீட்டிக்கொள்ளுங்கள். என் கதைக்குக் காட்டும் மரியாதை காதில் இருந்தால் போதும், காலில் வேண்டாம். கதவை மட்டும் ஒருக்களித்து வையுங்கள், காற்று ஈரமாக வருகிறது. இன்றைக்கு உங்களுக்கு ஓர் இடுக்கின் கதையைச் சொல்லப் போகிறேன். பூமி பிளந்த இடுக்கு இல்லை. புதிதாக வைத்த ஒரு குளியல் தொட்டிக்கும் அதை ஒட்டிய டைல்ஸ் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கு. தீக்குச்சியைப் படுக்க வைத்தால்கூட உள்ளே போகாது. அதைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றேன். அறுபது வயதுக்கு மேல் ஒருத்தி வாயைப் பிளக்க வேண்டுமென்றால் விஷயம் சின்னதாக இருக்குமா, சொல்லுங்கள்.

நாங்கள் குடியிருந்தது மூன்று அடுக்குக் கட்டடம். பழையது. மாடித் தளமெல்லாம் மரப்பலகை. மேலே ஒருவர் அழுத்தி நடந்தால் கீழே இருப்பவரின் தேநீரில் வட்டம் வட்டமாக அலை எழும்பும். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் இருமல் என்று சொல்லாமலே தெரியும். ஒரு நாள் நான் தும்மினேன், இரண்டு மாடி கீழேயிருந்து "நூறு வயசு" என்று ஒரு குரல் வந்தது. அப்படிப்பட்ட கட்டடம்.

என் எதிர்வீட்டுக்காரரை எல்லோரும் மலை என்றுதான் கூப்பிடுவார்கள். கிடங்கில் மூட்டை தூக்கியவர். நிலைப்படியில் நுழையும்போது தோளைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நுழைவார். இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடிக்கிற மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றிக்கொண்டு லாரிப் பலகையில் நடப்பார். ஒரு மழைநாளில் பலகை வழுக்கியது. மூட்டையை உதறியிருந்தால் தப்பியிருப்பார். உதறவில்லை. முதுகெலும்பில் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற வட்டு நசுங்கிப் போனது. அதன் பிறகு இரண்டு வருஷம், உட்கார்ந்தால் குத்தல், நின்றால் இழுப்பு, படுத்தால் எரிச்சல். ராத்திரியெல்லாம் அந்தப் பெரிய உடம்பு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டே இருக்கும். பலகை முனகும். என் தூக்கமும் கூடவே நடக்கும்.

அவர் மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் வேலை. வெளுத்து உலர்ந்த விரிப்புகளை மடித்து அடுக்க வேண்டும், காலை முதல் மாலை வரை. மடித்து மடித்து, பேருந்துச் சீட்டைக்கூட நான்காக மடித்துத்தான் பைக்குள் வைப்பாள். அதனால் அவளுக்கு மடிப்பம்மா என்று பெயர் ஆகிவிட்டது. அங்கே ஒரு வைத்தியர் அவள் முகத்தைப் பார்த்து, என்ன என்று விசாரித்து, அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு வழி சொன்னார். தினமும் அரை மணி நேரம் கழுத்துவரை வெந்நீரில் கிடக்கட்டும். தண்ணீர் உடம்பைத் தூக்கிப் பிடிக்கும், முதுகு கொஞ்ச நேரம் எதையும் சுமக்காமல் இருக்கும், அதுதான் அவருக்கு மருந்து என்றார்.

அந்த வீட்டில் நின்று குளிக்கிற இடம்தான் இருந்தது. மடிப்பம்மா தொட்டி வாங்கினாள். எப்படி வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். நீளத் தொட்டி, முட்டை ஓடு மாதிரி வெள்ளை, அடியில் இரும்புக் கால்கள். நான்கு பேர் அதைப் படியில் திருப்பித் திருப்பி ஏற்றினார்கள்.

பொருத்தியவன் அவளுடைய தம்பி. டைல்ஸ் ஒட்டுகிறவன். எந்த வேலைக்குப் போனாலும் சட்டைப் பையில் ஒரு நூல்கண்டு இருக்கும். நூல் பிடித்து நேர் பார்க்காமல் ஒரு டைல்ஸைக்கூட வைக்க மாட்டான். ஆகவே அவன் பெயர் நூல். ஆளும் அப்படித்தான், காற்றடித்தால் சுருண்டுவிடுவான் போல இருப்பான். மலைக்குப் பக்கத்தில் அவன் நின்றால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் கைவேலை? மூன்று சுவரும் டைல்ஸ் ஒட்டி முடித்த அன்று நான் போய்ப் பார்த்தேன். கோடுகள் ஒன்றோடொன்று பேசி வைத்துக்கொண்ட மாதிரி ஒரே நேரில் போயின.

தொட்டி விளிம்புக்கும் டைல்ஸுக்கும் நடுவில் இடுக்கு இருக்குமல்லவா, அதைச் சிலிக்கான் பசை வைத்து மூட வேண்டும். மூடாவிட்டால் தெறிக்கிற தண்ணீர் அந்த வழியே இறங்கி, பலகைக்குப் போய், கீழ்வீட்டுக் கூரையில் நிற்கும். நூல் அதையும் செய்தான். டைல்ஸ்காரர்களுக்கு ஈரம்தான் எதிரி. ஒரு பொட்டு ஈரம் இருந்தாலும் ஒட்டாது என்று படித்து வளர்ந்தவர்கள். அவன் தொட்டியைத் துடைத்தான், விசிறி வைத்து உலர்த்தினான், மறுபடி துடைத்தான். பசையை இழுத்தான். ஒரு நாள் முழுக்க யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை.

மலை முதல் முறை வெந்நீரில் இறங்கிய அன்று மாலை மடிப்பம்மா என் வீட்டுக்கு ஒரு தட்டில் சூடான ரொட்டி கொண்டுவந்தாள். "அரை மணி நேரம் இருந்தாருக்கா. வெளிய வந்தப்போ மொகம் செவந்திருந்துச்சு," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ரொட்டியை வைத்துவிட்டுத் தட்டுக்கு மேலே மூடியிருந்த துணியை நான்காக மடித்துக்கொண்டு போனாள்.

ஒன்பதாம் நாள் கீழே ஒழுகியது.

கீழ்வீட்டில் தையல்காரம்மா. கணவர் போய் நாளாயிற்று. தனியாக இருந்து தைத்துப் பிழைக்கிறவள். வாய் கத்தரிக்கோல். பேருந்துப் பணிமனைக்காரர்களுக்கு உடுப்பு தைப்பது அவளுடைய முக்கிய வேலை. ஒழுகின இடம் அவளுடைய வெட்டுமேசைக்கு நேர் மேலே. நூல் வந்து பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தான். அது ஐந்து நாள் தாங்கியது. இரண்டாம் முறை ஒழுகியபோது மேசைமேல் வெட்டி வைத்திருந்த வெள்ளைத் துணி இருந்தது. கூரைக்குள் எத்தனை வருஷத்துத் தூசியோ, சொட்டு தேநீர் நிறத்தில் இறங்கியிருந்தது.

அவள் நேராக வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் புதன்கிழமை வந்தார். குடையை மடக்காமலே படியேறினார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவேன்மா. அதுவரைக்கும் சரி பண்ணுங்க. அன்னைக்கும் ஒழுகுற மாதிரி இருந்தா தொட்டியைக் கழட்டி எடுத்துடணும். என் பலகை அழுகினா கட்டடமே உக்காந்துடும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசலாம்.

அன்று ராத்திரி மறுபடி பலகை முனகியது. தொட்டியைத் தொடக்கூடாது என்று ஆகிவிட்டதே.

வியாழக்கிழமை காலை. வெளியே நான்காவது வாரமாக மழை. நூல் குளியலறையில் முட்டி போட்டுக் கிழிந்த பசையைப் பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தான். நான் மடிப்பம்மாவுக்குத் துணையாகப் போய் உட்கார்ந்திருந்தேன். அவள் வேலைக்கு விடுப்புச் சொல்லியிருந்தாள். வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்ட சூப் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. மலை கூடத்தில் சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

"பசை மட்டம்க்கா," என்றான் நூல், உள்ளேயிருந்து. "கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிட்டான். இந்தத் தடவை விலை கூடுனது வாங்கியாந்திருக்கேன். பாரு."

"போன தடவையும் இதையேதான்டா சொன்னே," என்றாள் அவள்.

"போன தடவை வேற மட்டம்."

அப்போதுதான் தையல்காரம்மா ஏறி வந்தாள். கையில் கறை பட்ட வெள்ளைத் துணி. சண்டைக்குச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டுதான் வந்தாள்.

"எங்கம்மா உன் தம்பி? கோடு போடுற இன்ஜினியர்? இதைக் கொஞ்சம் பாக்கச் சொல்லு. மேகத்துக்குக்கூட ஒரு பருவம் இருக்கு. உங்க வீட்டு மழைக்கு அதுவும் இல்ல."

"அக்கா, உள்ள வாங்க, உக்காருங்க," என்றாள் மடிப்பம்மா. "தப்பு எங்க மேலதான்."

"நான் உக்கார வரல. பாக்க வந்தேன்."

அவள் குளியலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். நூல் நிமிரவில்லை. அறுத்தெடுத்த பசைத்துண்டு ஒன்று தரையில் கிடந்தது, கோழிக்குடல் மாதிரி. சண்டையை ஆரம்பிக்க வாயைத் திறந்தவள், குனிந்து அதை எடுத்தாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை நீவினாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். சண்டைக்காரியின் முகம் போய்த் தொழில்காரியின் முகம் வந்தது.

"தம்பி. இது எந்த இடத்துல இருந்துச்சு?"

"நீளச் சுவரோரம்."

"நீளச் சுவர்ல எங்க?"

"நடுவுல. மூலையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நடுவுலதான் ஒட்டாம விட்டுடுது."

"ஒட்டாம விடல," என்றாள். "இங்க பாரு. தையல் பிரிஞ்சா ஓரம் சுத்தமா இருக்கும். இழுத்துக் கிழிஞ்சா இப்படிப் பிசிறு பிசிறா நிக்கும். இந்தப் பக்கம் பாரு, டைல்ஸோட ஒட்டுன தோல் அப்படியே இருக்கு. அந்தப் பக்கம் தொட்டியோட ஒட்டுனதும் இருக்கு. நடுவுல கிழிஞ்சிருக்கு. உன் பசை நல்ல பசை. யாரோ இழுத்திருக்காங்க."

"யாரு இழுப்பாங்க? நாங்க யாரும் தொடவே இல்லையே."

"கையால இழுக்கணும்னு இருக்கா?" அவள் அந்தத் துண்டை இரண்டு விரலில் பிடித்து நீட்டினாள், அது நீண்டது, விட்டாள், சுருங்கியது. "எங்கிட்ட பஸ் ஓட்டுறவங்க வருவாங்க. மத்த தையக்காரங்க நிக்க வச்சு அளவெடுப்பாங்க. கால்சட்டை ஜம்முனு இருக்கும். ஒரு வாரம் வண்டி ஓட்டுனா பின்னாடி டர்ருனு போயிடும். நான் நிக்க வச்சு அளவெடுக்கறதே இல்ல. ஒரு முக்காலி வச்சிருக்கேன். உக்காருங்க சாமின்னு சொல்லி, உக்காந்த பெறகுதான் நாடாவைப் போடுவேன். நிக்கிற உடம்பு வேற, உக்கார்ற உடம்பு வேற. அகலம் அவ்வளவு மாறும். நீ இதை அளவெடுத்தது எப்போ?"

"எதை?"

"இந்த இடுக்கை. தொட்டி காலியா இருக்கும்போதா, ஆள் உள்ள இருக்கும்போதா?"

நூல் இப்போதுதான் தலையைத் தூக்கினான். "காலியாத்தான். ஈரம் ஆகாதுல்ல."

"அப்ப நிக்க வச்சு தைச்சிருக்கே," என்றாள் தையல்காரம்மா.

சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. மடிப்பம்மா எழுந்து போய் அதை இறக்கினாள். அவள் திரும்பி வருவதற்குள் கூடத்திலிருந்து மலையின் குரல் வந்தது. அந்த உடம்பிலிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று நான் நினைத்ததில்லை.

"இறங்கும்," என்றார்.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"நான் உக்காரும்போது தொட்டி இறங்கும். ஒரு முடி அளவுக்கு. கீழ பலகை க்கும்னு ஒரு சத்தம் போடும். முத நாளே எனக்குத் தெரியும்."

"தெரியுமா? அப்பறம் ஏன் மாமா சொல்லல?" என்றான் நூல். அவன் கையில் பிளேடு அப்படியே நின்றது. "நான் இங்க கடைக்காரனைத் திட்டுறேன், பசையைத் திட்டுறேன், என்னையே திட்டிக்கிறேன். ஒரு வார்த்தை."

மலை சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "சொன்னா என்ன சொல்வீங்க? தொட்டி உங்களைத் தாங்காதுன்னு சொல்வீங்க. எடுத்துடுவீங்க. அதான் நான் கையை ரெண்டு விளிம்புலயும் ஊனி உடம்பைத் தூக்கிப் பிடிச்சுக்குவேன். பாதி பாரமாவது கொறையட்டும்னு."

"அரை மணி நேரமுமா?" என்றாள் மடிப்பம்மா.

அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

பாருங்கள், குழந்தைகளே. சுமை இறக்கி வைக்கப் போன மனிதர் தண்ணீருக்குள்ளேயும் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறார். மூட்டை அவரேதான். விளிம்பில் ஊன்றினாலும் பாரம் அதே தொட்டியில்தான் விழும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மடிப்பம்மா அடுப்புத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். மடிக்கவில்லை.

பேச்சைத் தூக்கி நிறுத்தியவள் தையல்காரம்மாதான். "சரி, அழுகையை அப்பறம் வச்சுக்கலாம். தம்பி, மாமா எடைக்கு இந்தத் தொட்டி எவ்வளவு இறங்கும்னு கண்டுபிடிக்கணும். இறங்குன அளவுலதான் பசை வைக்கணும். அவரை உள்ள உக்கார வச்சுட்டு வேலை செய்வியா?"

"பசை காய ஒரு நாள் ஆகும்க்கா. ஒரு நாள் முழுக்க அவரு உள்ளயே இருக்க முடியுமா?" நூல் எழுந்தான். தொட்டியைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான். உதடு எதையோ கணக்குப் போட்டது. "ஆனா தண்ணி இருக்கும்."

"தண்ணியா?"

"தொட்டி நெறைய தண்ணி ஊத்துனா அதோட கனம் என்ன தெரியுமா? மாமாவைப் போல ரெண்டு ஆளு."

மலை முதல் முறையாகத் திரும்பினார். "என்னை விடவா?"

"ரெண்டு நீங்க, மாமா. ரெண்டு மலை."

"அப்போ..." அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். "நான் இறங்கறதுக்கு முன்னாடியே தண்ணியால இறங்கியிருக்குமா?"

"தண்ணி ஊத்துனாலே இறங்கும். ஒரு சின்னப் புள்ள குளிச்சாக்கூட இறங்கும். நான் குளிச்சாலும் இறங்கும். தப்பு உங்க ஒடம்புல இல்ல மாமா. நான் வெறுந்தொட்டிக்குப் பசை வச்சேன்."

"நீ குளிச்சா இறங்காதுடா," என்றார் மலை. "மேல மெதக்கும்."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் கிண்டல் அது. தையல்காரம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கறைத்துணி கீழே விழுந்தது.

இனி அந்த வேலையைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். நூல் மிச்சப் பசையையெல்லாம் சுரண்டினான். நகத்தால் தடவிப் பார்த்து, மயிரிழை மிச்சம் இருந்தாலும் மறுபடி சுரண்டினான். ஸ்பிரிட் தோய்த்த துணியால் விளிம்பையும் டைல்ஸையும் துடைத்தான். விசிறி ஓடியது. ஈரம் போயிற்று. பிறகு தையல்காரம்மா ஒரு தீப்பெட்டியைக் கிழித்து, அட்டையில் மூன்று சின்னத் துண்டுகள் வெட்டினாள். நீளச் சுவரோர இடுக்கில் மூன்று இடத்தில் அவற்றைச் செருகினாள். அழுத்தித்தான் செருக முடிந்தது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. பல்லிடுக்கில் பிடித்த மாதிரி நின்றன.

"இப்போ தொறடா," என்றாள்.

தெறிக்கக்கூடாது என்று குழாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டித் தொட்டியின் அடியில் கிடத்தியிருந்தான். தண்ணீர் சத்தமில்லாமல் ஏற ஆரம்பித்தது. நாங்கள் ஐந்து பேர் அந்தச் சின்ன அறையில். மலை நிலைக்கட்டையைப் பிடித்து நின்றார். நான் கதவோரம் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். மடிப்பம்மா கைவிளக்கை இடுக்குக்கு நேரே பிடித்திருந்தாள்.

தண்ணீர் கணுக்கால் அளவு வந்தது. ஒன்றும் இல்லை. கெண்டைக்கால் அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பலகை க்கும் என்றது.

"அதே சத்தம்," என்றார் மலை மெதுவாக. "அதேதான்."

உள்ளே ஆள் யாரும் இல்லை. வெறும் தண்ணீர். அதற்கே தளம் முனகியது. அவர் கன்னத்துச் சதை ஆடியதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பாதிக்கு மேல் போனது. நடு அட்டை கொஞ்சம் சாய்ந்தது. யாரும் தொடவில்லை. அது தானாக, தூக்கத்தில் தலை சாய்கிற பிள்ளை மாதிரி, ஒரு பக்கமாகச் சரிந்து, இடுக்குக்குள் சத்தமில்லாமல் விழுந்து மறைந்தது. பிறகு இடதுபக்கத்து அட்டை. அதன் பிறகு வலது.

நான் என் வாழ்நாளில் மலைகளைப் பார்த்திருக்கிறேன், கடலைப் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டின் தளம் கனத்தை வாங்கிக்கொண்டு தலை தாழ்த்துவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எவ்வளவு தாழ்ந்தது? ஓர் அரிசியின் குறுக்களவு இருந்தால் அதிகம். அவ்வளவு நாளும் அது தாழ்ந்துகொண்டும் எழுந்துகொண்டும்தான் இருந்திருக்கிறது, நம் காலுக்கடியில், நமக்குத் தெரியாமல். அன்று ராத்திரி என் அறையில் நடக்கும்போது நான் அடியை மெதுவாக எடுத்து வைத்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

"இவ்வளவு," என்றாள் தையல்காரம்மா. சுண்டுவிரல் நகத்தை இடுக்கில் விட்டுக் காட்டினாள். அது நுழைந்தது. "இவ்வளவு துணி விடாம தைச்சிருக்கே, இன்ஜினியரே."

நூல் குனிந்து அவள் காலைத் தொடப் போனான். "ஏய், எந்திரி. வேலையைப் பாரு. என் மேசை காயணும்."

தொட்டி நிரம்பி வழியாமல் இருக்க மேலே ஓர் ஓட்டை உண்டு, அதற்கு இரண்டு விரல் கீழே தண்ணீரை நிறுத்தினான். இடுக்கின் இரு பக்கமும் டேப் ஒட்டினான், நூல் பிடித்துத்தான். தொட்டி விளிம்பில் கை ஊன்றாமல் வேலை செய்யப் பழகிக்கொண்டான். ஊன்றினால் அதுவும் ஒரு கனம், அளவு மாறிவிடுமே. மூலையில் ஆரம்பித்தான். பசை பிதுக்கும் துப்பாக்கியை ஒரே சீராக அழுத்திக்கொண்டு நகர்ந்தான். வெள்ளைப் பசை நத்தை போன தடம் மாதிரி இடுக்கை நிரப்பிக்கொண்டே போனது. மூன்று சுவரையும் கை எடுக்காமல் முடித்தான். பிறகு சோப்புத் தண்ணீரில் விரலை நனைத்து, மூலையிலிருந்து மூலைக்கு ஒரே இழுப்பு. டேப்பை உரித்தான். கோடு ஒன்று நின்றது. அதைப் பற்றி நான் வேறென்ன சொல்ல. ஆறு வயதில் ஆற்றோரம் மணலில் அலை விட்டுப்போன கோட்டைப் பார்த்தபோது எனக்கு இருந்த மனசு அப்போது இருந்தது.

"நாளை மத்தியானம் வரைக்கும் தண்ணியை யாரும் தொடக்கூடாது," என்றான். "ஈரக் காத்தா இருக்கு, மெதுவாத்தான் காயும். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் விட்டா நிம்மதி."

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரு வர்றாரேடா," என்றாள் மடிப்பம்மா.

அது எல்லோருக்கும் மறந்தே போயிருந்தது.

அந்த ஒரு நாளும் இரண்டு ராத்திரியும் மலைக்கு எப்படிக் கழிந்தன என்று கேட்காதீர்கள். பலகை முனகியதை வைத்தே எனக்குத் தெரிந்தது. கூடத்துக்கும் குளியலறை வாசலுக்கும் நடந்தார். வாசலில் நின்று, நிறைந்து கிடக்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். தனக்குப் பதிலாக அது உட்கார்ந்திருக்கிறது என்று மடிப்பம்மாவிடம் ஒரு தடவை சொன்னாராம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே போய் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, ரொப்பி வச்சிருக்கீங்க? ஒழுகுற தொட்டியில தண்ணியா? மொதல்ல தொறந்து விடுங்க. தொட்டி வெளிய போகணும்." சொல்லிக்கொண்டே அடைப்பானின் சங்கிலியை நோக்கிக் கையை நீட்டினார்.

மடிப்பம்மா யாரையும் எதிர்த்துப் பேசிப் பார்த்தவள் இல்லை. அப்போதும் பேசவில்லை. அவருக்கும் தொட்டிக்கும் நடுவில் போய் நின்றாள். அவ்வளவுதான். கை இரண்டும் பக்கத்தில் தொங்கின. அவர் நகரச் சொன்னார். அவள் நகரவில்லை.

"நகரும்மா. புகார் வந்திருக்கு. நான் பதில் சொல்லணும்ல."

"புகார் குடுத்தவ நான்," என்று படியிலிருந்து ஒரு குரல். தையல்காரம்மா மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்தாள். கழுத்தில் அளவுநாடா. "குடுத்த எனக்கு அதைத் திருப்பி வாங்கிக்கவும் தெரியும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் மடிச்சு வச்சிருக்கேன். அப்பறமும் என் மேசையில ஒரு சொட்டு விழுந்தா நானே இந்தத் தொட்டியைத் தலையில சொமந்து கீழ இறக்குறேன்."

"அதுவரைக்கும் என் பலகைக்கு யார் பொறுப்பு?"

"நான். என் தலைக்கு மேல இருக்கற பலகைதானே. விழுந்தா மொதல்ல எனக்குத்தான் தெரியும்."

அவர் தொட்டியைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், வாசலை அடைத்து நின்ற மலையைப் பார்த்தார். "நாளைக்கு மத்தியானம்," என்று சொல்லிவிட்டுப் போனார். குடையை மறந்துவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் மழை தூறலாக இருந்தது. நூல் அடைப்பானைப் பிடுங்கினான். தண்ணீர் சுழித்து இறங்க இறங்கப் பலகை க்கும் என்று தொட்டியை மேலே தள்ளியது. எங்கள் கண்ணெல்லாம் வெள்ளைக் கோட்டில். அது கொஞ்சம் புடைத்தது, தூங்கி எழுந்தவன் உதடு மாதிரி. கிழியவில்லை. நகத்தால் ஓரம் முழுக்க நீவிப் பார்த்தான். எங்கும் பிரியவில்லை.

"இனிமே மாமா பாடு," என்றான்.

தையல்காரம்மா கீழே போனாள், கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு. மடிப்பம்மா வெந்நீரைப் பிடித்தாள். கண்ணாடியெல்லாம் ஆவி. மற்றவர்கள் கூடத்துக்கு வந்துவிட்டோம், கதவு பாதி திறந்திருந்தது. மலை இறங்கும் சத்தம் கேட்டது. பலகை முனகிற்று.

"கையை எடுங்க," என்று அவள் சொல்வது கேட்டது. "ஊனாதீங்க. விடுங்க. அது தாங்கும்ங்க. நான் பாத்தேன்."

தண்ணீர் பெரிதாக ஒருமுறை புரண்டது. சுவரில் மோதித் திரும்பியது. நூல் தன் சட்டைப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கீழேயிருந்து தையல்காரம்மா கத்தினாள். "என்ன, அவரு இறங்குனாரா இல்லையா? எவ்வளவு நேரம் கழுத்தை அண்ணாந்துக்கிட்டே நிக்கிறது? இங்க ஒண்ணையும் காணோமே."

நூல் பதில் சொல்ல வாயெடுத்தான். மடிப்பம்மா கதவிடுக்கில் முகத்தைக் காட்டி உதட்டில் விரலை வைத்தாள். நான் எட்டிப் பார்த்தேன். கழுத்துவரை தண்ணீரில், மலை தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு பெரிய கைகளும் பக்கத்தில் எதையும் பிடிக்காமல் மிதந்தன. அவள் தொட்டியோரம் ஈரத்தரையில் உட்கார்ந்து, அவர் தலை சரிந்து தண்ணீரில் போய்விடாதபடி பின்கழுத்துக்குக் கீழே ஒரு உள்ளங்கையை வைத்திருந்தாள்.

நூல் விரல்நுனியில் படியிறங்கிப் போய்க் கீழே சொன்னான். அதன் பிறகு தையல்காரம்மாவின் இயந்திரம்கூட ஓடவில்லை. கட்டடமே அடங்கிக் கிடந்தது. வெந்நீர் ஆறி, வெதுவெதுப்பாகி, அதுவும் போகும்வரை அவள் அந்தக் கையை எடுக்கவில்லை. மரத்துப் போயிருக்கும். நான் மாற்றிப் பிடிக்கவா என்று சைகையில் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. நேரமாயிற்று, எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் யார் எந்தக் கனத்தோடு வந்து உட்கார்ந்தாலும் அந்த இடம் இடம்கொடுக்கட்டும். கீழே இருப்பவர்கள் உங்களுக்காகப் பேசட்டும். தூங்குகிறவர் தலைக்குக் கீழே ஒரு கை இருக்கட்டும், அந்தக் கைக்கும் வலிக்காமல் இருக்கட்டும்.